நெறித்த கூந்தலும் நேராக்கும் நஞ்சும்

திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டில் இரும்பு வணிக வளாகம் ஒன்று உண்டு. சுருளாக வந்திறங்கும் இரும்புத் தகட்டை விரித்து, நேராக்கி, வேண்டிய அளவிற்கு வெட்டித் தருவது அத்தகைய இடங்களில் நாள்தோறும் நடைபெறும் தொழில். இரும்பை ஒருமுறை நேராக்கினால் அது நேராகவே கிடக்கும். மாந்தர் தலையில் முளைக்கும் மயிர் அவ்வாறு கிடப்பதன்று. இவ்வேறுபாட்டை மறந்து, தலையையும் தகடுபோல் எண்ணும் மயக்கம் இன்று நம் பெண்மக்களிடையே பரவி வருகின்றது.

அவ்வூர்த் தெருவொன்றில், கல்லூரிப் படிப்பை முடித்து வேலைக்குப் போகவிருக்கும் ஒரு பெண்ணும் அவள் தாயும் இதுபற்றி இன்று வழக்காடிக் கொண்டிருக்கலாம். பெண்ணுக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. கடற்காற்றின் ஈரம் பட்டதும் உப்பி எழும், சீப்புக்கு அடங்காது, காலையில் சிக்கெடுக்க அரைமணி நேரம் ஆகும். பள்ளியில் அவளுக்குப் 'பரட்டை' என்பதே பெயர். நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் சில ஆயிரம் உருபா கொடுத்து முடியை நேராக்கிக் கொள்ள வேண்டும் என்பது அவள் எண்ணம். "அது உன் பாட்டி முடி, கண்ணு, இருந்துவிட்டுப் போகட்டும்" என்பாள் தாய். "ஒருநாள் நீ என் தலையை வாரிப் பார், அம்மா" என்பாள் மகள். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. ஆகலின் மகளைக் கடிந்துரைத்து இவ்வழக்கை முடித்துவிடல் இயலாது.

அவளுக்குச் சொல்ல வேண்டுவது முதலில் ஒன்று உண்டு. அவள் தலையிலுள்ளதைக் குறிக்கத் தமிழில் இழிசொல் ஒன்று மட்டும் இருப்பதன்று. சுரியல் என்றும், சுருள் என்றும், நெறிகூந்தல் என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். மகளிர் கூந்தலை ஐம்பால் என்றழைத்த உரையாசிரியர், அவ்வைந்தனை எண்ணுமிடத்துச் சுருளையும் ஒன்றாக வைத்தனர். நெறி என்னும் சொல்லை நோக்குக. நல்வழிக்கும் அதுவே பெயர். மயிரின் சுருளுக்கும் அதுவே பெயர். நேர்மை என்பதும் தமிழ்ச்சொல்லே, மறுப்பாரில்லை. ஆயினும் நேராக நில்லாத ஒன்றை நெறியற்றது என்று தமிழன் ஒருகாலும் கருதவில்லை.

பொருநராற்றுப்படையில் பாடினியின் அழகை முடிமுதல் அடிவரை சொல்லப் புகுந்த முடத்தாமக்கண்ணியார், தொடக்கத்திலேயே அவள் கூந்தலுக்கு அறலை உவமையாக்குகிறார். அறலாவது, ஆற்றுநீர் வற்றி ஒழுகுங்கால் கருமணலில் அலையலையாக வரி இட்டுச் செல்லும் தோற்றம். கூந்தல் கோல்போல் நேராக இருந்திருப்பின் இவ்வுவமைக்கே இடமில்லை. (சாத்தாங்காட்டுப் பிள்ளைகள் அறலைக் கண்ணாற் காண விரும்பின், அருகே கொற்றலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்திற்குப் போகலாம். அங்கே இன்று மணலின்மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து கிடக்கிறது. அது வேறொரு கட்டுரைக்கு உரியது.)

சிற்றூர்ப் பெண்டிர் வழக்கிலோ, சுருட்டை சோறு போடும் என்னும் சொல் இன்றும் உண்டு. கோரைமுடிக்காரியைக் குறை கூறும் மறுபாதியும் அதற்கு உண்டு, அது மூடநம்பிக்கையே. மயிரை வைத்து ஒருத்தியின் வாழ்வை அளப்பது எப்பக்கமாயினும் தவறுதான்.

அங்ஙனமாயின் சுருட்டை எப்போது குற்றமாயிற்று? பராமரிப்பற்று உலர்ந்து கிடக்கும் தலைக்குரிய பரட்டை என்னும் பெயர், எண்ணெய் தடவி வாரிய சுருட்டைக்கும் ஏறியது எங்ஙனம்? 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' திரைப்படத்தில் போக்கிரிக்கு இட்ட பெயரே பரட்டை என்பதாம். வழலை நுரைக்கும் எண்ணெய்க்கும் வரும் விளம்பரங்களில் அருவிபோல் நேராக வீழும் கூந்தலே நெடுங்காலம் காட்டப்பட்டது. கண் பழகியது, நெஞ்சும் பழகியது.

பிற நாடுகளில் இவ்வளவுகோல் இன்னும் கொடிதாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் மக்கட்பதிவுச் சட்டப்படி மாந்தரை நிறவகையாகப் பிரித்தபோது, ஐயத்திற்குரியவர் முடியில் கரிக்கோலைச் செருகிப் பார்த்தனர். கரிக்கோல் நழுவி வீழ்ந்தால் வெள்ளையர். சிக்கி நின்றால் வெள்ளையரல்லர். ஒரு கரிக்கோல் ஒருவர் வாழும் தெருவையும் படிக்கும் பள்ளியையும் முடிவு செய்தது. அச்சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவிலோ, பிறவி முடியைக் கரணியமாகக் காட்டி வேலையிலும் பள்ளியிலும் வேறுபாடு காட்டலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் 2019இல் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டில் அத்தகைய கரிக்கோலை எவரும் செருகவில்லை. நாமே செருகிப் பார்த்துக் கொள்கிறோம்.

இனி, அந்தக் குப்பிக்குள் இருப்பது யாதென்று பார்ப்போம். மயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆயது. அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் கட்டி வைத்துள்ளன. 'இரீபாண்டிங்கு' என்று கடைகள் கூறும் முறையில், ஒரு வேதிக்களிம்பு அப்பிணைப்புகளை அறுக்கிறது. சூட்டுத்தகடு மயிரை நீட்டுகிறது. மற்றொரு நீர்மம் நீட்டிய நிலையிலேயே மீண்டும் பிணைக்கிறது. 'கெரட்டின்' பூச்சு என்பது மற்றொரு முறை. பெயரளவில் அது ஊட்டம். அதன் சில வகைகளிலோ பார்மால்டிகைடு இருந்தது அல்லது சூடேறும்போது வெளிப்பட்டது. மருத்துவக் கல்லூரிகளில் பிணத்தைக் கெடாமல் வைக்கும் பார்மலின் நீரில் கரைந்திருப்பதும் இதுவே. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் இதனை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களுள் சேர்த்தது.

பார்மால்டிகைடு மேல் பழி வந்ததும் சில நிறுவனங்கள் கிளையாக்சாலிக் காடிக்கு மாறின. அதனையும் நம்புதற்கில்லை. 26 அகவைப் பெண்ணொருத்திக்கு 2020, 2021, 2022 ஆகிய மூன்றாண்டுகளிலும் முடியை நேராக்கிய பின்னர் மும்முறை சிறுநீரகம் பழுதுற்றதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024இல் வெளியிட்டனர். அக்களிம்பில் இருந்தது இக்காடியே. தோல்வழி உட்சென்று ஆக்சலேட்டுப் படிகமாகிச் சிறுநீரகத்தில் அடைவதை எலிகளில் ஆய்ந்தும் காட்டினர்.

அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழப் பதினோராண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2022இல் வெளிவந்தது. 70 அகவைக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடிய அளவு, முடி நேராக்கும் வேதிப்பொருளைத் தொடாதவர்களிடம் நூற்றுக்கு 1.64, அடிக்கடி பயன்படுத்தியோரிடம் 4.05 என அது கணித்தது. இவ்வாய்வு இரண்டுக்குமுள்ள தொடர்பைக் காட்டிற்றேயன்றிக் கரணியத்தை முற்ற நிறுவிவிடவில்லை. அங்கே விற்றவையும் இங்கே விற்பவையும் ஒன்றே என்றும் சொல்வதற்கில்லை. மகளை அச்சுறுத்த வேண்டுவதில்லை, மறைக்கவும் வேண்டுவதில்லை.

பணக்கணக்கையும் பார்த்தல் வேண்டும். வேதிப்பொருள் வெளியே வளர்ந்துள்ள மயிரையே மாற்றும், மயிர்க்காலைத் தொடாது. திங்களுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வீதம் பாட்டியின் சுருட்டையே மீண்டும் அடியிலிருந்து முளைக்கும். ஆறு திங்களில் தலையில் இருவகை முடி நிற்கும். அப்போது மீண்டும் கடைக்குப் போதல் வேண்டும், அதன்பின் மீண்டும். வேலைக்குப் போய்ப் பெறும் சம்பளத்தில் ஒரு பங்கு, வேலைக்காக நேராக்கிய முடிக்கே போய்ச் சேரும்.

மறுபுறம் நடப்பதோ நகைப்பிற்குரியது. பழனியிலும் திருமலையிலும் வேண்டுதலுக்காக மழிக்கப்படும் முடி, ஏலம் போய், அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. அங்கே பொய்ம்முடியாகி, நேர்முடி, அலைமுடி, சுருள்முடி எனத் தனித்தனியே விலை பேசப்படுகிறது. இங்கே காசு கொடுத்து ஒழிக்கும் சுருளை அங்கே காசு கொடுத்து வாங்குவார் உளர்.

ஒப்பனையே கூடாது என்பதன்று கருத்து. ஐவகையாக முடித்தும் பூச்சூடியும் மகிழ்ந்த இனம் இது. ஆனால் சூடிய பூவை இரவில் களைந்துவிடலாம். தன் தலை தனக்கு இழிவன்று என்று தெளிந்த பின்னும் நேராக்கத்தான் வேண்டும் என்று அவள் விரும்பினால், அது அவள் உரிமை, தடுப்பார் எவருமில்லர். ஆயின் கடைக்குள் புகுமுன் குப்பியின்மேல் எழுதியுள்ளதைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். பார்மால்டிகைடு இல்லை என்று எழுதியிருப்பினும் அவ்வெழுத்தை முழுதும் நம்பற்க. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 2011இல் விடுத்த எச்சரிக்கை, அவ்வாறு எழுதிய குப்பியிலும் அந்நஞ்சு இருந்ததைச் சுட்டிற்று. அவ்வெச்சரிக்கை முதலாவதாக எழுந்தது முடியை நீட்டிக் கொள்ள வருவோர் பொருட்டன்று, நீட்டிவிடும் தொழிலாளர் பொருட்டே. கதவடைத்துக் குளிரூட்டிய சிற்றறையில் அப்புகையை நாள்முழுதும் உள்ளிழுப்பவளும் இவள்போல் வேலை தேடிப் போன ஒரு பெண்தானே?

அதற்குமுன், மகள் கேட்டபடியே தாய் நாளைக் காலையில் அவள் தலையை ஒருமுறை வாரிப் பார்க்கலாம். உலர்ந்த சுருட்டையில் நெருக்கமான பற்சீப்பை உச்சியிலிருந்து இழுப்பதே பெருந்துன்பம். தலை நனைந்திருக்கும்போதே சிறிது தேங்காயெண்ணெய் தடவி, அகன்ற பற்சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறி, பின் துண்டால் முறுக்கிப் பிழியாமல் ஒற்றி விட்டால், அந்த அரைமணி நேரம் குறையும்.