சோதனைக்கு ஒரு மூச்சு, ரோட்டுக்கு ஒரு மூச்சு!

பாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் மில்லில் என்ன நடக்கும்? மிஷினுக்கு மூடி வரும். பஞ்சுத் தூசி பெருக்கப்படும். அவர் கேட்டைத் தாண்டியதும் பழைய கதைதான். இந்த வித்தையை இஞ்சினுக்கே கற்றுக்கொடுத்து விற்றது ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கம்பெனி. உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் கார்கள்!

சிறிய டீசல் இஞ்சின், குறைந்த டீசலில் நெடுந்தூரம், புகையும் சுத்தம் என்று தம்பட்டம் அடித்தார்கள். உண்மை என்ன? இஞ்சினுக்குள் கடுஞ்சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி, நுரையீரலைக் கெடுக்கும் நச்சு வாயுவாகின்றன. அதை அடக்க வழி உண்டு. ஆனால் டீசல் கூடுதலாகச் செலவாகும், அல்லது தனிக் கருவி பொருத்த வேண்டும். லாபம் குறையுமே! கம்பெனி குறுக்கு வழி கண்டது. சோதனைச்சாலையில் உருளைமேல் சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் திரும்பாது. இதுபோன்ற அடையாளங்களால் ‘இது சோதனை’ என்று கண்டுகொள்ளும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டை இஞ்சினில் புகுத்தியது. சோதனையில் நச்சு அடங்கும். ரோட்டில் அவிழ்த்து விடப்படும்!

மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கருவியைக் காரிலேயே ஏற்றி ரோட்டில் ஓட்டி அளந்தார்கள். 2014ல் அவர்களது ஆய்வு வெளிவந்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்க சர்க்கார் குற்றம் சாட்டியது: அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை நச்சு!

‘ஓரிரு இஞ்சினியர்கள் செய்த வேலை’ என்று அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் கைகழுவினார் கம்பெனியின் அந்நாட்டுத் தலைவர். அடேயப்பா! குற்றம் ஓரிருவருடையதாம், லாபம் மட்டும் கம்பெனியுடையதாம்! 2017ல் கோர்ட்டில் கம்பெனியே குற்றத்தை ஒப்புக்கொண்டது. கிரிமினல் அபராதம் மட்டும் 280 கோடி டாலர்.

இதற்கிடையே, 2016 நவம்பரில் 30,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். மின்சாரக் காருக்கு மாற வேண்டும், செலவைச் சுருக்க வேண்டும் என்றார்கள். செலவைச் சுருக்க அவர்கள் கண்ணுக்குப் பட்டது யார்? போல்ட் முடுக்கிய தொழிலாளி! அவனா பித்தலாட்டத்தைத் திட்டமிட்டான்?

சிறிய இஞ்சின்மீது நமக்குப் பகை இல்லை. குறைந்த டீசலில் ஓடுவது நல்லதே. அது இஞ்சினியரின் மூளை, தொழிலாளியின் கைத்திறன். ஆனால் மைலேஜ் கணக்கை விளம்பரத்தில் எழுதி, நச்சின் கணக்கை ரோட்டோரத்து ஏழையின் நெஞ்சில் எழுதுவது திறமையல்ல, திருட்டு!

ரோட்டிலேயே ஓட்டிச் சோதிக்கும் விதி ஐரோப்பாவில் 2017லும், நமது நாட்டில் 2023லும் வந்துவிட்டது. விதி மட்டும் போதாது. சொல்லாமல் கொள்ளாமல் சோதியுங்கள். முடிவை ஜனங்கள் முன் வையுங்கள் என்று கேட்கிறோம். சுவாசிப்பவர்கள் நாம், கணக்கைப் பார்க்கும் உரிமையும் நமதே!