விர்ச்சுவல் மெஷின் வீட்டிலேயே இருக்கட்டும்

கம்ப்யூட்டருக்குள் சாப்ட்வேர் மூலம் இயங்கும் இன்னொரு கம்ப்யூட்டரை விர்ச்சுவல் மெஷின் என்கிறோம். விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடும் பழைய கணக்கு சாப்ட்வேருக்காக இப்படி ஒன்றை விர்ச்சுவல்பாக்ஸில் வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. இதைக் கிளவுடுக்கு மாற்றலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன்.

இந்த மெஷினின் ஹார்ட் டிஸ்க் உண்மையில் ஒரு பெரிய பைல்தான். ஆனால் எல்லா இடத்திலும் அதே பைல் செல்லாது. விர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாக உருவாக்குவது விடிஐ பைல். மைக்ரோசாப்டின் அஸூர் கேட்பதோ நிலையான அளவுள்ள விஎச்டி பைல். அதாவது 40 ஜிபி டிஸ்க்கில் 12 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தாலும் பைல் முழு 40 ஜிபிக்கு இருக்க வேண்டும். மாற்றிய பிறகும், அங்குள்ள ஹார்ட்வேருக்கான டிரைவர் உள்ளே இல்லாவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாமல் நீலத் திரையில் நின்றுவிடலாம்.

இவற்றையெல்லாம் சரிசெய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டில் என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் அடாப்டரை நிறுத்திவிடலாம். வைரஸ் வரும் பெரிய வழி அடைபட்டுவிடும். கிளவுடில் உங்கள் மெஷினுக்குள் நீங்கள் நுழைவதே நெட்வொர்க் வழியாகத்தான். அதை எப்படி அடைப்பது?

புது கம்ப்யூட்டர் வாங்கியதால் மாற்ற நினைக்கிறீர்களா? மெஷினை ஷட் டவுன் செய்து, விர்ச்சுவல்பாக்ஸின் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ் கொடுங்கள். கிடைக்கும் ஓவிஏ பைலைப் புதியதில் இம்போர்ட் செய்யலாம். பென் டிரைவ் எப்ஏடி32 முறையில் பார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை ஏற்காது, எக்ஸ்எப்ஏடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புதியதில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள்.