எஸ்விஜி படம் பாக்க இம்புட்டுப் பாடா?

மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்துற மேட்டர் இது. ஜேபெக் படம் பாக்க ஆயிரம் மென்பொருள் இருக்கு. வெக்டர் படம், அதான் எஸ்விஜி, ஒரு ஃபோல்டர் நிறைய வச்சிருக்கிறவன் மட்டும் ஏன் நாதியத்துத் திரியணும்?

நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவையும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவையும் க்யூஜிஐஎஸ்ல போட்டு, தமிழ்ல ஊர்ப்பேரோட நீலகிரி வரைபடங்கள் செஞ்சு வச்சிருக்கோம். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி மழையில சிக்னலும் போயிடும், கரண்டும் போயிடும். கூகுள் மேப்பு கைவிட்டுடும். லேப்டாப்புல இருக்கிறதும், பேப்பர்ல அடிச்சு வச்சதும்தான் மிச்சம்.

அதனால குன்னூர்ல பிரிண்ட் போட்டுக் குடுக்கிற ஜெராக்ஸ் கடை அண்ணன்கிட்ட மொத்தத்தையும் பென்டிரைவ்ல குடுத்தேன். ஒரே ஊருக்கு ஆறேழு படம்: ரோடு தனி, ஓடை தனி, எஸ்டேட் லைன் வீடு தனி. மனுஷன் ஃபோல்டரைத் திறந்து பாத்துட்டு, "ஏந்தம்பி, எல்லாம் ஒரே மாதிரி பிரவுசர் பொம்மையால்ல இருக்கு, எதைன்னு அடிக்கிறது?"ன்னார். ஒவ்வொண்ணா டபுள் கிளிக் பண்ணி, நாப்பது டேப் திறந்து, 4 ஜிபி ரேம் லேப்டாப் பெருமூச்சு விட ஆரம்பிச்சிடுச்சு.

எஸ்விஜி ஒண்ணும் நேத்து வந்ததில்லைங்க. டபிள்யூ3சி அதை 2001ல பரிந்துரையாவே வெளியிட்டாச்சு. அப்போ அடோபி ஒரு பிளகின் குடுத்தது, 2009 ஜனவரியோட அதுக்கு ஆதரவை நிறுத்திட்டாங்க. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குப் புத்தி வந்தது 2011ல, ஒன்பதாம் பதிப்புல. அதுக்கப்புறம் எல்லாரும் 'அதான் பிரவுசர்ல தெரியுதே'ன்னு கையைக் கழுவிட்டாங்க. என் சண்டையே இங்கதான். ஒரு படத்தைக் காட்டுறது வேற, நூறு படத்தைப் புரட்டிப் பாக்க விடுறது வேற. ஆல்பம் கேட்டவனுக்கு அலமாரி சாவியைக் குடுத்த கதை.

'வெக்டர்னா சின்னக் கோப்புதானே, இதுல என்ன பாரம்?'னு கேப்பீங்க. லோகோவுக்குச் சரி. மலைக்கு? மேட்டுப்பாளையத்துல 326 மீட்டர்ல கிளம்புற நம்ம ரயில் 46 கிலோமீட்டர்ல 2,203 மீட்டருக்கு ஏறிடுது. 20 மீட்டருக்கு ஒரு உயரக்கோடு போட்டாலே அந்தத் தண்டவாளம் 90க்கு மேல கோடுகளைத் தாண்டணும். அதுவும் நேர்க்கோடா? ஒவ்வொரு ஓடைக்கும் வளைஞ்சு வளைஞ்சு போகும். வளைவுக்கு வளைவு புள்ளி. வெக்டர்ல கோப்போட எடையைத் தீர்மானிக்கிறது படத்தோட அகலநீளம் இல்ல, இந்தப் புள்ளிகளோட எண்ணிக்கை. தஞ்சாவூர்க்காரனுக்கு இந்தக் கவலையே கிடையாது, தட்டைப் பூமி, குடுத்து வச்சவன் :-)

பிரவுசர் என்ன பண்ணும்னா, ஒவ்வொரு கோட்டையும் ஒரு உறுப்பா நினைவகத்துல வச்சுக்கும். நாளைக்கு யாராவது கிளிக் பண்ணலாம், ஸ்டைல் மாத்தலாம், ஸ்கிரிப்ட் ஓட்டலாம்னு அதுக்கு ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. சும்மா பாக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு? ஸ்கிரிப்டுன்னதும் ஞாபகம் வருது: எஸ்விஜி ஒரு எக்ஸ்எம்எல், உள்ள ஜாவாஸ்கிரிப்ட் ஒளிஞ்சிருக்கலாம். மெயில்ல எஸ்விஜி இணைப்பு அனுப்பி ஏமாத்துற வேலை இப்போ நடக்குது. ஸ்கிரிப்டே ஓட்டத் தெரியாத வியூவர் இந்த விஷயத்துல ஒரு வரம்.

இங்க்ஸ்கேப்? அருமையான மென்பொருள், ஆனா வரையறதுக்கு. பாக்கிறதுக்காக அதைத் திறக்கிறது பேப்பர் படிக்க அச்சாபீஸ் வாங்கின மாதிரி. அதோட கூடவே இங்க்வியூன்னு ஒரு குட்டி நிரல் வருது, அம்புக்குறி தட்டினா அடுத்த படம். பலருக்கு இது தெரியாது. ஆனா சிறுபடங்கள் கிடையாது. இர்ஃபான்வியூவுக்கு பிளகின் தேடணும். லினக்ஸ்காரங்க பாடு தேவலை, லிப்ஆர்எஸ்விஜி இருந்தா கோப்பு மேலாளர்லயே குட்டிப் படம் தெரியும். விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டே 2020ல பவர்டாய்ஸ்ல அந்த வசதியைக் குடுத்தது. ஆனா ஒரு சிறுபடத்துக்காக டஜனுக்கு மேல வேற கருவிகளையும் சேர்த்து இறக்கணும். சில எம்பியில முடிய வேண்டியதுக்கு எதுக்கு இந்த ஊர்வலம்?

நான் கடைசியா நின்னது ரெஸ்விஜில. ரஸ்ட்ல எழுதின சின்ன வரைவி. ஸ்கிரிப்ட் கிடையாது, அசைவு கிடையாது, வரையும், அவ்வளவுதான். அதோட எக்ஸ்ப்ளோரர் நீட்சியைப் போட்டதும் அண்ணன் கடையில ஃபோல்டர் முழுக்கப் படமாத் தெரிய ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி 'கோத்தகிரி' பரிட்சை வச்சேன். எழுத்தைச் சரியாக் கோக்கத் தெரியாத வியூவர்ல 'கோ' மூணாப் பிஞ்சு, புள்ளி வட்டத்தோட பல்லிளிக்கும். 'தொட்டபெட்டா'வும் அதே கதிதான். ரெஸ்விஜி தேறிடுச்சு, மெஷின்ல தமிழ் எழுத்துரு இருந்தாப் போதும். எழுத்தைக் கோடா மாத்திட்டா இந்தத் தொல்லையே இல்லைம்பாங்க. இல்லைதான். ஆனா அப்புறம் ஊர்ப்பேரைத் தேடவும் முடியாது, திருத்தவும் முடியாது. தமிழைப் படமாப் போட்டுப் பட்ட பாடு பத்தாதா?

பழைய இங்க்ஸ்கேப்ல பெட்டிக்குள்ள எழுதின கோப்புகள் மட்டும் மத்த வியூவர்கள்ல கறுப்புக் கட்டமாத் தெரியலாம். ஏத்துக்கவே படாத ஒரு எஸ்விஜி 1.2 வரைவை நம்பி எழுதினது அது. இங்க்ஸ்கேப்ல திறந்து சாதா எழுத்தா மாத்திட்டாச் சரியாயிடும்.

இதையெல்லாம் நான் மெனக்கெட்டுத் தேடலாம், எனக்கு இது பொழப்பு. ஜெராக்ஸ் கடைக்காரர் ஏன் தேடணும்? இயங்குதளத்தோடவே வர வேண்டிய வசதி இது. மேக்ல ஸ்பேஸ் பாரைத் தட்டினா எஸ்விஜி தெரியுது, அங்க முடியுறது இங்க ஏன் முடியல?

பி.கு: வேற ஏதாவது குட்டி வியூவர் தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. கோத்தகிரியைக் காட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க.