கடலைக் கழுவுவது யார்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரிச் சம்சாரிக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். மழை பொய்த்த வருஷத்திலும் கடன் வாங்கிக்கொண்டு இராமேஸ்வரம் போய், கடலில் முழுகினால் பாவம் தொலையும் என்று நம்பி வருகிறவர்கள் இப்பக்கத்திலும் உண்டு. அந்தக் கடலே அழுக்கடைந்தால் அதைக் கழுவுவது யார் என்பதே நமது கேள்வி.

2017-ஆம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி விடியற்காலை, சென்னைக்கு வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகில் 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்னும் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கப்பலின் கனத்த எரியெண்ணெய் கடலில் கலந்து, கரையில் தார்க்குழம்பாக ஒதுங்கிற்று. ஆமைகள் செத்தன. மீனவர் பிழைப்பு கெட்டது. அலை வந்து கழுவவில்லை. எந்தத் தெய்வமும் இறங்கி வரவில்லை. வாளியும் கையுமாக இறங்கி அள்ளியவர்கள் மனிதர்களே.

அள்ளிய குழம்பை என்ன செய்வது? துறைமுகத்திலேயே இடம் ஒதுக்கி, இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் எண்ணெய் தின்னும் கிருமிகளை அதில் ஏவினார்கள். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நமது குப்பைக்குழியில் சாணமும் சருகும் மக்கி எருவாவது எப்படியோ, அப்படியே இதுவும். எண்ணெயும் ஒரு காலத்தில் உயிராயிருந்ததன் மிச்சமே. அதைத் தின்னும் கிருமிகள் கடலிலேயே உண்டு. அவற்றுக்குக் காற்றும், தழைச்சத்தும், மணிச்சத்தும் வேண்டும். 1989-இல் அமெரிக்காவின் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது, கரையில் உரமிட்டுத்தான் இக்கிருமிகளைப் பெருக்கினார்கள். பருத்திக்கு உரமிடுகிற சம்சாரிக்கு இது விளங்காத சங்கதியல்ல.

ஆனால், கிருமியையும் ஒரு புதிய சாமியாக்கிவிடக் கூடாது. அதன் வேலை வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நடப்பது. தடித்த தாரை அது எளிதில் தின்னாது. ஆகவே முதலில் அள்ள வேண்டும். அதற்கும் முன்னால் கொட்டாதிருக்க வேண்டும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில், மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தை மறுபடியும் மூடிற்று. மறுபடியும் மீனவர்களே படகில் போய் அள்ளினார்கள். இலாபம் ஒருவருக்கு, அழுக்கு அள்ளுவது இன்னொருவருக்கு என்பது எந்த ஊர் நியாயம்? கொட்டியவனே செலவு கொடுக்க வேண்டும். இறங்குகிறவனுக்குக் கையுறையும் யந்திரமும் கொடுக்க வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. திருச்சுழி வழியாகப் போகும் குண்டாறும் கடலைத்தான் தேடிப் போகிறது. பட்டறையில் வடித்த கழிவெண்ணெயை ஓடையில் ஊற்றுகிறவன், எண்ணூரைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை உடையவன்?

பாவத்தைச் செய்துவிட்டுக் கடலில் முழுகுவதும், எண்ணெயைக் கொட்டிவிட்டுக் கிருமியைக் கைகாட்டுவதும் ஒரே புத்திதான். அந்தப் புத்தியை முதலில் கழுவ வேண்டும்.