தலைக்கவசத்தால் ஆகாத காரியம்

1962-ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைவர் நரி கான்ட்ராக்டர், பார்படோஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து தாக்கிக் கபாலம் பிளவுபட்டு, பிரக்ஞையின்றி உயிருக்கு மன்றாடிய வேளையில், எதிரணித் தலைவரான பிராங்க் வொரல் தம் இரத்தத்தையே தானம் செய்தார் என்பது கிரிக்கெட் ரசிகர்கள் இன்றும் நெகிழ்ந்து பேசும் செய்தி. அந்த உத்தம குணத்தைப் போற்றும் நாம், பிழைத்தெழுந்த கான்ட்ராக்டருக்கு அதன்பின் ஒரு டெஸ்ட் பந்தயத்திலேனும் ஆடும் பாக்கியம் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், அதே பார்படோஸில், டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முதலாக ஹெல்மெட் அணிந்து இறங்கிய ஆஸ்திரேலியர் கிரஹாம் யாலப்புக்குக் கூட்டத்தாரிடமிருந்து கிடைத்தது ஏளனக் கூச்சலே! தற்காப்பைக் கோழைத்தனம் என்று எண்ணும் அந்த மனோபாவம் இன்னும் முற்றிலும் அகன்றுவிடவில்லை. 1998-இல் டாக்காவில் மட்டையாளருக்கு வெகு அருகில் நின்று ஃபீல்டிங் செய்த ரமன் லாம்பா, அந்த ஓவரில் எஞ்சியிருந்த சில பந்துகளுக்காக ஹெல்மெட் எதற்கு என்று மறுத்து, பந்து தாக்கிய மூன்றாம் நாள் பிராணனை இழந்தார்.

ஆகவே ஹெல்மெட் அவசியம் என்பதில் எனக்கு லவலேசமும் ஐயமில்லை. ஆனால் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிவிட்டதோடு நம் கடமை தீர்ந்தது என்று கருதுவதே இன்றைய பெரிய அபாயம். 2014-இல் சிட்னியில் மாண்ட பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்துதான் ஆடினார். பந்து அதன் விளிம்புக்குக் கீழே கழுத்தைத் தாக்கியதில் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் சிதைந்தது. அது அபூர்வமான விபத்து. மூளை அதிர்ச்சியோ அடிக்கடி நேர்வது. அடியின் வேகத்தைப் பரப்பித் தாங்கிக் கபாலம் உடையாமல் காப்பது கவசத்தின் வேலை. தலை திடீரென்று குலுங்கும்போது, ஓடும் வண்டியிலுள்ள குடத்து நீரைப்போல் உள்ளே மூளை அலைவுறுவதை அதனால் தடுத்துவிட முடியாது. வெளியே ஒரு கீறலும் இராது. ஆட்டக்காரர் எழுந்து நின்று, "ஒன்றுமில்லை, ஆடுகிறேன்" என்பார்.

2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் நிகழ்ந்தது இதுவே. ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டு வீழ்ந்த ஸ்டீவ் ஸ்மித், வைத்தியப் பரிசோதனையில் தேறி, அன்றே மீண்டும் மட்டை பிடித்து 92 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். மறுநாள் காலையில்தான் அதிர்ச்சியின் குறிகள் வெளிப்பட்டன. நல்வாய்ப்பாக, அந்த மாதந்தான் மூளை அதிர்ச்சிக்கு ஆளானவருக்கு மாற்றாக, மட்டை பிடிக்கவும் பந்து வீசவும் உரிமையுள்ள இன்னொருவரை இறக்கலாம் என்ற சர்வதேச விதி நடைமுறைக்கு வந்திருந்தது. ஸ்மித்துக்கு மாற்றாக லபுஷேன் என்ற ஆட்டக்காரர் களமிறங்கினார், ஸ்மித் அடுத்த டெஸ்டிலும் ஓய்வு கொண்டார். அதற்கு முன்னரோ, அடிபட்டவர் விலகினால் அணிக்கு ஒரு மட்டையாளர் குறைவார். அந்தப் பழி தம்மேல் வரலாகாதென்று தலைவலியை மறைத்து ஆடியவர் எத்தனை பேரோ! அந்தச் சங்கடத்தை நீக்கிய இவ்விதியை நான் எந்தக் கவசத்துக்கும் குறைவாக மதிக்கவில்லை.

நம் பள்ளி மைதானங்களுக்கும் கிளப் பந்தயங்களுக்கும் இந்த ஏற்பாடு வந்தாக வேண்டும். தலையில் அடிபட்ட சிறுவனை வெளியேற்றும் அதிகாரம், வெற்றியில் நாட்டமுள்ள பயிற்சியாளரிடமோ, ஆட்டமே கதியென்றிருக்கும் அச்சிறுவனிடமோ இல்லாமல், நடுநிலையான ஒருவரிடம் இருத்தல் வேண்டும். சந்தேகம் எழுந்தாலே போதும், அன்று அவன் மறுபடி ஆடலாகாது. வைத்தியர் அனுமதிக்கும்வரை வலைப்பயிற்சியும் கூடாது. முந்தைய அதிர்ச்சி ஆறுமுன் மீண்டும் ஓர் அடி விழுந்தால், இளம் மூளைக்கு விளையும் கேடு பன்மடங்காகும். பெற்றோருக்கு அன்றே செய்தி சொல்லி, இரவில் வாந்தியோ, வலுக்கும் தலைவலியோ, மீறிய மயக்கமோ, பேச்சில் தடுமாற்றமோ கண்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும்படி எச்சரிக்க வேண்டும். பலத்த அடி தாங்கிய ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும், மறுபடி எந்தப் பிள்ளையின் தலையிலும் வைக்கலாகாது.