1.7 செ.மீ. வித்தியாசத்துக்கு எதற்கு இரண்டு செக்‌ஷன்?

குழந்தைக்குத் துணி எடுக்க எந்தக் கடைக்குப் போனாலும் 'பாய்ஸ்' ஒரு பக்கம், 'கேர்ள்ஸ்' ஒரு பக்கம். உடல் அளவுதான் காரணமா? உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பாருங்கள். ஒரு வயது ஆண் குழந்தையின் சராசரி நீளம் 75.7 செ.மீ., பெண் குழந்தைக்கு 74 செ.மீ. ஐந்து வயதில் 110-க்கு 109.4. ஒரே வயதுள்ள இரண்டு பையன்களுக்கு நடுவிலேயே இதைவிட அதிக வித்தியாசம் இருக்கும்.

சரி, நிறம்? அதுவும் ஒன்றும் ஆதிகாலத்து வழக்கம் கிடையாது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1884-ல் எடுத்த படத்தில் வெள்ளைப் பாவாடையும் தோள் வரை முடியுமாக உட்கார்ந்திருக்கிறார். வயது இரண்டரை. அன்று அங்கே ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் உடை அதுதான்; வெள்ளைத் துணியை வெளுப்பது சுலபம். 1918-ல் அந்நாட்டு ஆடை வணிகப் பத்திரிகை ஒன்று பையனுக்குப் பிங்க், பெண்ணுக்கு நீலம் என்று எழுதியது. பிறகுதான் அது தலைகீழானது.

இன்றைய கறாரான பிரிவினைக்கு ஆடை வரலாற்றாளர் ஜோ பாலெட்டி சொல்லும் ஒரு காரணம், ஸ்கேன். 1980-களில் அங்கே பிறக்கும் முன்பே பாலினம் தெரியத் தொடங்கியதும், நிறம் பிரித்த துணிகள் குவிந்தன. இங்கே கதை வேறு. பாலினத்தைச் சொல்வதை 1994-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனவே பிரசவத்துக்கு முன் நீங்கள் வாங்குவது மஞ்சளோ வெள்ளையோதான். 'பிறக்கறதுக்கு முன்னாடி புதுத்துணி எடுக்காதே' என்று பாட்டி தடுத்தால் அதுவும் இல்லை; தாத்தாவின் பழைய வேட்டிதான் முதல் துணி. பிரிவினை பிரசவத்துக்குப் பிறகு வருகிறது.

கூடவே செலவும் வருகிறது. முதல் ஆண்டில் மட்டும் குழந்தை சுமார் 25 செ.மீ. வளர்கிறது. சில மாதம் போட்ட துணி நன்றாகவே இருக்கும், ஆனால் பத்தாது. அக்காவின் பிங்க் ஸ்வெட்டர் தம்பிக்கு 'ஆகாது' என்றால், லாபம் கடைக்கு.

ஆனால் 'இருபாலருக்கும் பொது' என்பது நடைமுறையில் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. கேரளத்தின் வளையஞ்சிறங்கரை அரசு ஆரம்பப் பள்ளி எல்லாக் குழந்தைகளுக்கும் சட்டையும் முக்கால் டிரவுசரும் கொண்டுவந்தது. ஓடவும் குதிக்கவும் வசதி. பிற பள்ளிகளுக்கும் பேச்சு பரவியபோது, பெண்களை ஆண் உடைக்குள் தள்ளுகிறீர்கள் என்ற எதிர்ப்பு எழுந்தது. யார் மீதும் எந்த உடையையும் திணிக்க மாட்டோம் என்று 2022-ல் மாநில அரசு சொல்ல வேண்டியிருந்தது. எதிர்த்தவர்களின் நோக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் தொட்ட இடம் உண்மையானது: மகளுக்கு ஜீன்ஸ் போட்டால் 'ஸ்மார்ட்', மகனுக்குப் பூப்போட்ட சட்டை எடுத்தால் கேள்வி.

இத்தனைக்கும், கைக்குழந்தைப் பையனுக்குப் பாவாடை கட்டி, பூ வைத்து, பொட்டிட்டு போட்டோ எடுப்பது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அந்த அனுமதி மூன்று வயசுக்குள் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த முறை கடைக்குப் போனால் லேபிளில் செ.மீ. அளவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் எடுக்கலாம். தவழும் குழந்தைக்கு நீள ஃப்ராக் முழங்காலில் சிக்கும். நெட்டும் ஜிகினாவும் உறுத்தும். கையை உள்ளே விட்டு, தையலைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.