உப்புக்காற்றுக்கு 65 போதாது

கன்னியாகுமரிக் கடல் நடுவே நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலை கருங்கல்லால் ஆனது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டுகிறார்கள். காகிதக்கூழ் பூசி, கல்லில் இறங்கியிருக்கும் உப்பை உறிஞ்சி எடுத்த பிறகே ரசாயனக் கலவை பூசுகிறார்கள். கருங்கல்லுக்கே இவ்வளவு பார்க்க வேண்டிய கரையில், ஒரு அலுமினியக் கூடும் ரப்பர் வாஷரும் நாலு திருகாணியுமாக இருக்கும் தெருவிளக்கைக் கம்பத்தில் மாட்டுகிறோம். பெட்டியின் மேல் ஐபி 65 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும் கவலை தீர்ந்துவிடுகிறது. அந்த எண் பொய்யில்லை. தூசியையும் தண்ணீரையும் பற்றி அது சொல்வது சரிதான். உப்பைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. குமரி மாவட்டத்தில் விளக்கு வாங்குகிறவர்கள், குறிப்பாக மக்கள் வரிப்பணத்தில் வாங்கும் உள்ளாட்சிகள், இந்த எண்ணை ஊருக்கு ஊர் மாற்றித் தேர்ந்தெடுக்க வேண்டும். கடலோரத்தில் உப்பரிப்பைத் தாங்கும் என்ற சான்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதலில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 என்ற தரநிலையை இந்தியாவும் ஏற்றிருக்கிறது. முதல் இலக்கம் தூசிக்கு, 0 முதல் 6 வரை. இரண்டாவது தண்ணீருக்கு, 0 முதல் 9 வரை. தூசியில் 5 என்றால் கொஞ்சம் நுழையலாம், ஆனால் விளக்கின் வேலை கெடாது. 6 என்றால் நுழையவே கூடாது. தண்ணீரில் 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால், 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சினாலும் விளக்குக்குக் கேடு வராது. 6 வாங்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 100 லிட்டர் தாங்க வேண்டும். ஒரே ஒரு எண் கூடுவதற்கு எட்டு மடங்கு தண்ணீர்! 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடப்பது. அதனால் 67 விளக்கு 66-ஐவிட உசத்தி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூழ்கித் தேறியது பீய்ச்சலிலும் தேறும் என்ற உறுதி கிடையாது. இரண்டிலும் தேறியிருந்தால் 66/67 என்று இரண்டையும் போட்டிருக்க வேண்டும். இந்தச் சோதனைகள் எல்லாம் புது விளக்கில், நல்ல தண்ணீரில் நடப்பவை. பீய்ச்சல் சோதனைக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்.

கம்பத்தின் மேல் நடப்பது வேறு. மாலையில் எரியத் தொடங்கிய விளக்கினுள் வெப்பம் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால், அடைபட்ட காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விரிந்து, கிடைத்த இடுக்கு வழியே வெளியேறும். ஆனி ஆடிச் சாரல் வந்து கூட்டின் மேல் அடித்ததும் கூடு சட்டென்று குளிரும். உள்ளே அழுத்தம் குறைந்து, வாஷர் ஓரத்தில் நிற்கும் ஈரத்தை இழுக்கும். விளக்குகளுக்கான தரநிலை இதை மறந்துவிடவில்லை. எரியவிட்டுச் சூடான பிறகே தண்ணீர் அடிக்கச் சொல்கிறது. ஆனால் அது ஆய்வகத்தில் ஒரு தடவை. தெருவில் மழைக்காலம் முழுக்க இதுதான் நடக்கிறது, நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலம். கடலோரத்தில் இப்படி உள்ளே போவது உப்பீரம். உப்பு தானே ஈரத்தைப் பிடித்து வைப்பதால் மழை விட்ட பிறகும் அது எளிதில் காய்வதில்லை. கூட்டின் வெளியேயும் அரிப்பு நடக்கிறது. விளக்குக் கூடு வார்க்கப் பரவலாகப் பயன்படும் ஏடிசி 12 என்ற அலுமினியக் கலவையில் 1.5 முதல் 3.5 சதவீதம் செம்பு இருக்கிறது. வார்ப்புக்கு வசதியான அந்தச் செம்பு உப்புக்காற்றுக்கு ஆகாது. எல்எம் 6 என்ற கலவையில் செம்பு 0.1 சதவீதத்தைத் தாண்டாது. எவர்சில்வர் திருகாணி அலுமினியத்தில் இறங்கும் இடத்தில் உப்புநீர் பட்டால், அலுமினியம் வெள்ளை மாவாகப் பொடிந்து, வாஷரை அழுத்திப் பிடித்திருந்த இறுக்கம் தளர்கிறது. முதலில் பூச்சைத் தின்னும் உப்பு, அடுத்து இறுக்கத்தைத் தின்று, கடைசியில் அந்த 65 என்ற எண்ணையே தின்றுவிடுகிறது. இதற்கென்றே ஐஎஸ்ஓ 9227 என்ற உப்புமூட்டச் சோதனை உண்டு. 5 சதவீத உப்புக்கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் மூட்டமாகத் தெளித்து, நூற்றுக்கணக்கான மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். அது குளச்சல் கடற்கரைக்கு ஈடாகாதுதான். ஆனாலும் மட்டமான பூச்சைக் காட்டிக்கொடுக்க அது போதும்.

மாவட்டம் சிறியது, ஆனால் ஒரே விளக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை நீளும் கரைக்கு 66-உம், செம்பு குறைந்த கலவையும், உப்புமூட்டச் சான்றும் மூன்றும் வேண்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை நிற்க வைத்திருக்கும் அதே கணவாய்க் காற்று மண்ணையும் வாரி அடிக்கிறது. அங்கே முதல் இலக்கம் 6 என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது, தண்ணீருக்கு 5 போதும். கூரைக்கு அடியில் இருக்கும் சந்தைகளுக்கு 54 தாராளம். வீட்டில் சன்ஷேடுக்குக் கீழே 44 போதும். கேட் தூணுக்கு 65, தரையில் பதிப்பதற்கு 67. குளத்துத் தண்ணீருக்குள் வைக்கும் விளக்குக்கு 68, அதுவும் ஆள் இறங்கும் நீரென்றால் 12 வோல்ட்டில் ஓடுவதாக இருக்க வேண்டும். ஐபி எண் மின்கசிவுக்குக் காவல் அல்ல. அதற்கு, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி தனியாக வேண்டும்.

விலை கூடுமே, டெண்டர் சட்டப்படி குறைந்த விலைக்காரருக்குத்தானே கொடுக்க முடியும் என்பார்கள். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் மட்டமான பொருளை வாங்கச் சொல்லவில்லை. கேட்ட தகுதிகளை நிறைவு செய்தவர்களில் குறைந்த விலையைத்தான் எடுக்கச் சொல்கிறது. தொழில்நுட்பத் தகுதியை முதல் உறையிலும் விலையை இரண்டாம் உறையிலும் வாங்கும் முறையும் இருக்கிறது. நாம் வெறுமனே 65 என்று எழுதிவிட்டு, வந்த விளக்கை நொந்துகொள்ள முடியாது. விலைக் கணக்கையும் முழுதாகப் போட வேண்டும். எல்இடி விளக்குப் பெட்டிகளில் 50,000 மணி நேரம் என்று இருக்கும். இரவு 12 மணி நேரம் எரிந்தால் அது பதினோரு ஆண்டுக்கு மேல். எல்இடி அத்தனை காலம் இருக்கலாம். ஈரம் இறங்கி, எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் என்ற மின்சுற்று இரண்டாம் ஆண்டிலேயே போய்விட்டால் அந்த 50,000 மணி நேரத்துக்கு நாம் கொடுத்த காசு வீண். உயர்கோபுர விளக்கென்றால் அதைக் கழற்றி மாற்றும் கூலியும் சேரும்.

ஒக்கி போன்ற புயல் வந்தால் கம்பமே நிற்காதே என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் புயல் என்றோ ஒருநாள் வருகிறது. உப்புக்காற்று நாள்தோறும் அடிக்கிறது. விளக்குகள் கெடுவது இடியாலும் மின்னழுத்தத் தாவலாலும்தான் என்போர் சொல்வதும் பாதி சரி. அதற்கு 10 கிலோவோல்ட் தாங்கும் காப்புச் சாதனத்தையும் சேர்த்துக் கேட்கலாம்; ஒன்றைக் கேட்பதால் மற்றது தேவையில்லை என்றாகாது. இந்தத் தலைவலியே வேண்டாம், எல்லா இடத்துக்கும் 68 வாங்கிவிடலாம் என்பதுதான் மிக மோசமான யோசனை. மூழ்கவே போகாத கம்பத்துக்கு மூழ்கும் தகுதியை விலை கொடுத்து வாங்கிவிட்டு, உப்பைப் பற்றிக் கேட்காமல் விடுவது அது.

எவ்வளவு நல்ல விளக்கு வாங்கினாலும் மாட்டுகிற கை அதைக் கெடுத்துவிட முடியும். ஒயர் நுழையும் இடத்தில் கேபிள் கிளாண்டைப் போடாமல் விடுவது, தடிமன் பொருந்தாத ஒயரை அதில் திணிப்பது, வசதிக்காகக் கூட்டில் இன்னொரு துளை போடுவது, பழுது பார்த்த பிறகு நைந்த வாஷரையே திரும்ப வைத்து மூடுவது: இதில் எது நடந்தாலும் பெட்டியிலுள்ள எண் அந்த நொடியிலிருந்து செல்லாது. வயர்மேன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சரியான அளவு கிளாண்டும் மாற்று வாஷரும் அவர்கள் பையில் இருக்கும்படி வாங்கிக் கொடுப்பது உள்ளாட்சியின் வேலை. விடியுமுன் வள்ளம் இறக்கப் போகிறவர்களும், தலைச்சுமை மீனோடு நடக்கும் பெண்களும் இந்த விளக்குகளை நம்பித்தான் கால் வைக்கிறார்கள். அணைந்த விளக்கு மாதக்கணக்கில் அப்படியே கிடப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

கிராம ஊராட்சிகளில் மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு அப்போது ஒரு மாதம்தான் இருக்கும். கடலோர ஊராட்சி மக்கள் அன்று மூன்று தாள்களைக் கேட்கலாம்: வாங்கிய அதே மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் கொடுத்த ஐபி சோதனை அறிக்கை, உப்புமூட்டச் சோதனை அறிக்கை, உப்பரிப்பையும் உள்ளடக்கிய ஐந்தாண்டு உத்தரவாதப் பத்திரம். இவை கையில் இல்லையென்றால், அடுத்த டெண்டரில் இவற்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அன்றே தீர்மானம் போடலாம்.